கண்ணாடியை உடைச்சவரே ஒட்ட வந்த கதை

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த அவஸ்தை தெரிஞ்சிருக்கும். ப்ரோக்ராம் தப்பான விடை கொடுக்கும். மூணு நாள் உட்கார்ந்து கோடை வரி வரியா படிச்சா ஒரு தப்பும் இருக்காது. கடைசியில பார்த்தா கான்ஃபிக் ஃபைல்ல ஏதோ ஒரு எண்ணை யாரோ மாத்தி வச்சிருப்பாங்க. கோடு சுத்தம், ஓடுற நிலைமையிலதான் கோணல்.

1973-ல இயற்பியலுக்கும் இப்படி ஒரு வழக்கு வந்துச்சு. இயற்கையில ஒரு கோணல் இருக்குன்னு அதுக்கு 9 வருஷம் முன்னாடியே தெரிஞ்சு போச்சு. அது இயற்கையோட விதிகள்லயே இருக்கா, இல்ல விதிகள் சுத்தமா இருந்து பிரபஞ்சம் வந்து உட்கார்ந்த நிலைமையில இருக்கா? இதுதான் கேள்வி. விதியிலயேதான்னு சொல்ற மாதிரி ஒரு கட்டுரை எழுதினாங்க ரெண்டு ஜப்பானிய இளைஞர்கள். விதி சுத்தம், நிலைமைதான் கோணல்னு அதே வருஷம் எழுதினார் டி.டி.லீ. ஜப்பான்காரங்களுக்கு நோபல் பரிசு கிடைச்சது. லீயோட யோசனை தோத்ததா பேர் வாங்கிச்சு.

எனக்கு என்னவோ அந்தக் கேஸ் இன்னும் மூடலைன்னுதான் தோணுது. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி டம்ளரோட உட்காருங்க :-)

முதல் கண்ணாடி உடைஞ்சது

கண்ணாடி முன்னாடி நின்னு வலது கையை ஆட்டினா உள்ள இருக்கிறவர் இடது கையை ஆட்டுவார். ஒரு இயற்பியல் சோதனையைக் கண்ணாடியில பார்த்தா, அங்க தெரியறதும் நிஜத்துல நடக்கக்கூடிய ஒண்ணாவே இருக்கும்னு ரொம்ப காலமா எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. இயற்கைக்கு இடது வலது பேதம் கிடையாதுங்கறதுதான் அந்த நம்பிக்கை. இதுக்குப் பேர் பாரிட்டி, சுருக்கமா 'பி'.

1956-ல டி.டி.லீயும் சி.என்.யாங்கும் ஒரு சின்னக் கேள்வி கேட்டாங்க. "இது மின்காந்த விசைக்குச் சரி. கதிரியக்கத்துக்குக் காரணமான பலவீன விசைக்கும் சரியான்னு யாராவது சோதிச்சுப் பார்த்தீங்களா?" தேடிப் பார்த்தா, ஒருத்தர் கூடப் பார்க்கல! எல்லாரும் சும்மா நம்பிட்டு இருந்திருக்காங்க.

வூ சியன்-ஷிங் அம்மையார் அதைச் சோதிக்க இறங்கினார். கணவரோட போக இருந்த கப்பல் பயணத்தை ரத்து பண்ணிட்டு, வாஷிங்டன்ல இருந்த தரநிர்ணய ஆய்வகத்துக்குப் போனார். கோபால்ட் 60 அணுக்களைக் கிட்டத்தட்ட தனிச்சுழி வெப்பநிலை வரைக்கும், அதாவது ஒரு கெல்வின்ல நூறுல ஒரு பங்கு வரைக்கும் குளிர வச்சு, எல்லா அணுக்கருவையும் ஒரே திசையில சுழல விட்டார். வெளிய வர்ற எலெக்ட்ரான்கள் ரெண்டு பக்கமும் சமமா வரணும். வரல. சுழல் அச்சுக்கு எதிர்ப்பக்கமாவே அதிகம் வந்துச்சு. 1957 ஜனவரியில உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு, இயற்கைக்கு இடது வலது தெரியும்.

பாவுலி மாதிரி ஜாம்பவானே, கடவுள் இடதுகைக்காரர்ங்கறதை நான் நம்ப மாட்டேன்னு முன்னாடி சொல்லியிருந்தார். அவரும் வாயை மூடிக்க வேண்டியதாப் போச்சு. அதே 1957-லயே லீக்கும் யாங்குக்கும் நோபல். சோதனை பண்ண வூ அம்மையாருக்கு இல்ல. அந்த அநியாயம் தனிப் பதிவுக்கு உரியது. ஞாபகம் வச்சுக்க வேண்டியது இதுதான்: கண்ணாடியை உடைச்ச ஆள் லீ. அப்போ அவருக்கு 31 வயசு.

ரெண்டாவது கண்ணாடியும் போச்சு

உடைஞ்ச உடனே ஒரு ஒட்டு வேலை நடந்துச்சு. லாண்டாவ் உள்பட சிலர் சொன்னது இது: "வெறும் கண்ணாடியில பார்க்காதீங்க. பார்க்கும்போதே துகளை எல்லாம் எதிர்த்துகளா மாத்திடுங்க. அப்ப சமச்சீர் திரும்ப வந்துடும்." துகளை எதிர்த்துகளா மாத்தறது 'சி'. ரெண்டும் சேர்ந்தா 'சிபி'. வூ சோதனையை எதிர்ப்பொருள்ல செஞ்சு கண்ணாடியில பார்த்தா கணக்கு ஒத்துப்போகுது. எல்லாரும் பெருமூச்சு விட்டாங்க.

7 வருஷம்தான் அந்த நிம்மதி. 1964-ல ப்ரூக்ஹேவன் ஆய்வகத்துல க்ரோனின், ஃபிட்ச், கிறிஸ்டென்சன், டுர்லே ஆகிய நால்வரும் நடுநிலை கே-மெசான்களை ஆராய்ஞ்சாங்க. இதுல ரெண்டு வகை. ஒண்ணு சீக்கிரம் செத்துடும், சாகும்போது ரெண்டு பையானா உடையும். இன்னொண்ணு சுமார் 570 மடங்கு அதிகம் உயிரோட இருக்கும், மூணு பையான் மாதிரி வேற வழிகள்ல உடையும். சிபி சமச்சீர் முழுசா உண்மைன்னா, நீண்ட ஆயுள் கே-மெசான் ஒரு தடவை கூட ரெண்டு பையானா உடையக் கூடாது.

சுமார் 22,700 சிதைவுகளைப் பார்த்ததுல சுமார் 45 தடவை உடைஞ்சுது. ஆயிரத்துக்கு 2. அவ்வளவுதான். ஆனா "ஒரு தடவை கூட நடக்காது"ன்னு சொல்ற விதிக்கு 45 தடவை ரொம்ப அதிகம் இல்லையா?

இதுல இன்னொரு சிக்கல். சி, பி, இதோட காலத்தைத் திருப்பறது 'டி', இந்த மூணும் சேர்ந்த சமச்சீரை உடைக்கணும்னா குவாண்டம் புலக் கோட்பாட்டோட அஸ்திவாரத்தையே தோண்டணும். அது நிக்கணும், சிபி மட்டும் உடையணும்னா, 'டி'யும் உடைஞ்சே ஆகணும். அதாவது அடிப்படைத் துகள் அளவுலயே, முன்னாடி ஓடுற படத்துக்கும் பின்னாடி ஓடுற படத்துக்கும் இயற்கை வித்தியாசம் காட்டுது.

இதனால நமக்கு என்ன?

நியாயமான கேள்வி. 1967-ல ஆந்த்ரேய் சகாரோவ் இதுக்குப் பதில் சொன்னார். சோவியத் அணுகுண்டு வேலையில இருந்துகிட்டே பிரபஞ்சத்தைப் பத்தியும் யோசிச்ச மனுஷன் அவர்.

பிரபஞ்சம் பிறந்தப்போ பொருளும் எதிர்ப்பொருளும் சமமா இருந்திருந்தா, ஒண்ணை ஒண்ணு அழிச்சுட்டு வெறும் ஒளிதான் மிஞ்சியிருக்கும். ஆனா நாம இருக்கோம். இன்னைக்குக் கணக்குப்படி பிரபஞ்சத்துல ஒவ்வொரு 1000 கோடி ஒளித்துகளுக்கும் சுமார் 6 புரோட்டான், நியூட்ரான் மிச்சம் இருக்கு. அந்த 6-தான் நட்சத்திரம், பூமி, நீங்க, நான், இந்தக் காபி எல்லாம்.

அந்த மிச்சம் வரணும்னா 3 நிபந்தனைன்னார் சகாரோவ். ஒண்ணு, புரோட்டான் நியூட்ரான் எண்ணிக்கையை மாத்துற நிகழ்வு இருக்கணும். ரெண்டு, சி சமச்சீரும் சிபி சமச்சீரும் உடையணும். மூணு, இது நடக்கும்போது பிரபஞ்சம் சமநிலையில இருக்கக் கூடாது. ரெண்டாவது நிபந்தனையைப் பாருங்க. கே-மெசான்ல ஆயிரத்துக்கு 2 பேர் பண்ற திருட்டுத்தனமும் நாம இருக்கறதுக்கான காரணமும் ஒரே குடும்பம். அதனால "சிபியை உடைக்கிறது யாரு?"ங்கறது சும்மா ஆராய்ச்சிக் கேள்வி இல்லீங்க.

1973: ஒரே தந்திரம், ரெண்டு இடம்

1967-ல வெய்ன்பெர்க் கொடுத்த மாடல்ல ஹிக்ஸ் புலம் ஒண்ணே ஒண்ணுதான் (நுட்பமா சொன்னா ஒரு இரட்டை). வெற்றிடம்னு நாம நினைக்கிற இடம் முழுக்க இந்தப் புலம் ஒரு மதிப்போட நிரம்பியிருக்கு. துகள்களுக்கு நிறை வர்றது அதனாலதான். அந்த மதிப்புக்கு அளவு மட்டும் இல்ல, ஒரு கோணமும் உண்டு. கடிகார முள் மாதிரி நினைச்சுக்கோங்க.

சிபி மாற்றம் செஞ்சா என்ன ஆகும்? இந்தக் கோணம் தலைகீழா ஆகும். 30 டிகிரின்னா மைனஸ் 30. அப்ப கோணம் இருந்தாலே சிபி உடைஞ்சுடுமா? உடையாது. ஏன்னா முள் ஒண்ணுதான் இருக்கு. 12-ங்கற எண்ணை எங்க எழுதறதுங்கறது நம்ம இஷ்டம். டயலைத் திருப்பி முள்ளுக்கு நேரா 12-ஐ வச்சுட்டா கோணம் சுழியம். வெறும் பெயர் சூட்டற விஷயம்.

இங்கதான் லீ புகுந்தார். ஒரு ஹிக்ஸ் எதுக்கு, ரெண்டு இருக்கட்டுமேன்னார். கடிகாரத்துல இப்ப ரெண்டு முள். டயலை எப்படித் திருப்பினாலும் ரெண்டு முள்ளுக்கும் நடுவுல இருக்கிற கோணம் மாறாது. அதை மறைக்க முடியாது. அதுதான் சிபியை உடைக்கிறது!

அதுல அழகு என்னன்னா, லீ எழுதின சமன்பாடுகள்ல சிபி முழுசா பத்திரமா இருக்கு. விதிக்கு +கோணமும் ஒண்ணுதான், -கோணமும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் ஆற்றல் சமம். ஆனா பிரபஞ்சம் குளிரும்போது ஏதாவது ஒண்ணுல உட்கார்ந்தாகணும். உட்கார்ந்த உடனே சமச்சீர் போச்சு. கட்டுரைக்கு அவர் வச்ச தலைப்பையே தமிழ்ல சொன்னா, 'டி' சமச்சீர் தானாக உடைவதற்கான ஒரு கோட்பாடு.

கல்யாணப் பந்தியை யோசிங்க. நீளமா இலை போட்டு, ரெண்டு இலைக்கு நடுவுல ஒரு தண்ணி பாட்டில். உங்களுக்கு வலது பக்க பாட்டிலா, இடது பக்க பாட்டிலா? அடுக்கினவர் ஒரு பேதமும் வைக்கல, எல்லாம் சமச்சீர். ஆனா ஒரு தாத்தா வலது பக்கம் கையை நீட்டி எடுத்துட்டார்னா வரிசை முழுக்க வலது பக்கம்தான் எடுத்தாகணும். விதியில கோணல் இல்ல. நிலைமையில கோணல்.

1956-ல கண்ணாடியை உடைச்ச அதே மனுஷன், 1973-ல வந்து "விதி அளவுல கண்ணாடி உடையவே இல்லப்பா, நாம ஒரு பக்கமா உட்கார்ந்து பார்க்கிறோம்"னு சொல்றார். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

இப்ப கியோட்டோ. மகோதோ கொபயாஷி, தோஷிஹிதே மஸ்கவா. நகோயாவுல படிச்சுட்டு கியோட்டோ பல்கலைக்கழகத்துக்கு வந்தவங்க. கட்டுரையை அனுப்பினது 1972 செப்டம்பர்ல, அப்போ கொபயாஷிக்கு 28 வயசு, மஸ்கவாவுக்கு 32. வெளியானது 1973 பிப்ரவரி. அவங்க கண்டுபிடிச்சது இது: 4 குவார்க்கை மட்டும் வச்சுகிட்டு, வேற புதுப் புலம் எதையும் சேர்க்காம, சிபி உடைவை விளக்கவே முடியாது. குவார்க்குகள் ஒண்ணோட ஒண்ணு கலக்கற கணக்குல வர்ற கோணங்களை எல்லாம் டயலைத் திருப்பற மாதிரித் திருப்பி மறைச்சுடலாம்.

மஸ்கவா பின்னாடி சொன்ன கதை சுவாரசியம். 4 குவார்க்ல நடக்காதுன்னு எழுதி முடிச்சுடலாம்னு முடிவு பண்ணிட்டு குளியல் தொட்டியிலிருந்து எழுந்திருக்கும்போதுதான், 6 குவார்க் இருந்தா நடக்குமேன்னு தோணிச்சாம். மூணு குடும்பம் ஆயிட்டா எவ்வளவு திருப்பினாலும் ஒரே ஒரு கோணம் மட்டும் மிஞ்சிடுது. அந்தக் கோணம் விதியிலயே எழுதப்பட்டது.

கவனிச்சீங்களா, ரெண்டு தரப்பும் செஞ்சது ஒரே தந்திரம். பேர் மாத்தி மறைக்க முடியாத ஒரு கோணத்தைக் கண்டுபிடிக்கறது. லீ ஹிக்ஸை ஒண்ணுலேருந்து ரெண்டாக்கினார். அவங்க குவார்க் குடும்பத்தை ரெண்டுலேருந்து மூணாக்கினாங்க. அதுவும் எப்போ? ஊர் உலகம் 3 குவார்க்கையே அரைமனசா ஏத்துகிட்டு இருந்தப்போ!

லீக்கு வந்த சோதனைகள்

அடுத்த 20 வருஷம் கியோட்டோகாரங்களுக்கு யோகம். 1974-ல 4-வது குவார்க், 1977-ல 5-வது, 1995-ல 6-வது. சொன்ன மாதிரியே வரிசையா வந்துச்சு.

லீ பக்கம் ஒண்ணு மாத்தி ஒண்ணு அடி. முதல் அடி 1974-ல. செல்டோவிச், கொப்சரெவ், ஒகுன்னு மூணு சோவியத் விஞ்ஞானிகள் பந்தியோட மறுபக்கத்தைக் காட்டினாங்க. பந்தி ரொம்ப நீளம். இந்தக் கோடியில ஒரு தாத்தா வலது பக்கம் எடுக்கறார். அதே நேரம் அந்தக் கோடியில ஒரு மாமா இடது பக்கம் எடுக்கறார். ரெண்டு அலையும் நடுவுல சந்திக்கிற இடத்துல ஒருத்தருக்கு ரெண்டு பாட்டில் இருக்கும், இல்லைன்னா பாட்டிலே இருக்காது. பிரபஞ்சத்துல அந்த இடம் ஒரு பெரிய சுவரா நிக்கும், அதுல ஆற்றல் மலை மலையா தேங்கியிருக்கும். அப்படி ஒரு சுவர் இருந்திருந்தா இன்னைக்கு வானம் இவ்வளவு சீரா தெரியாது. கோடுலயே ஒரு சின்னச் சாய்வு வச்சுட்டா சுவர் கலைஞ்சு போகும். ஆனா அப்புறம் "கோடு சுத்தம்"னு பெருமை பேச முடியாது.

ரெண்டாவது அடி, குவார்க் பக்கத்துலேருந்து. ரெண்டு ஹிக்ஸும் எல்லா குவார்க்குக்கும் நிறை கொடுத்தா, ஒரு ஸ்ட்ரேஞ்ச் குவார்க் மின்னூட்டம் மாறாமலே டவுன் குவார்க்கா சுலபமா மாறும். நிஜத்துல அது ரொம்ப அபூர்வம். நீண்ட ஆயுள் கே-மெசான் ரெண்டு மியூவானா உடையறது 100 கோடிக்கு சுமார் 7 தடவைதான். 1977-ல க்ளாஷோவும் வெய்ன்பெர்க்கும் இதுக்கு ஒரு வேலி போட்டாங்க. ஒரு வகைக் குவார்க்குக்கு ஒரு ஹிக்ஸ் மட்டும்தான் நிறை கொடுக்கணும், ரெண்டு எஜமானர் கூடாது. நல்ல வேலிதான். ஆனா அந்த வேலியைக் கறாரா போட்டா, ரெண்டு ஹிக்ஸ் வச்சு சிபியை உடைக்க முடியாமப் போயிடுது!

வெய்ன்பெர்க் 1976-லயே இதைப் பார்த்துட்டு 3 ஹிக்ஸ் வச்சு ஒரு மாடல் போட்டிருந்தார். மின்னூட்டம் உள்ள ஹிக்ஸ் துகள்கள் சிபியை உடைக்கும்னு கணக்கு. அதுக்கு எமனா வந்தது நியூட்ரான். சுழலுற நியூட்ரானுக்குள்ள மின்னூட்டம் அச்சோட ஒரு பக்கமா கொஞ்சம் ஒதுங்கி இருந்தா, அது 'டி' உடைவோட கைரேகை. படத்தைத் திருப்பி ஓட்டினா சுழற்சி திரும்பும், ஒதுங்கல் திரும்பாது, ரெண்டு படமும் வேற வேற. கூடுதல் ஹிக்ஸ் மாடல்கள் இந்த ஒதுக்கத்தைப் பெருசா தரும். கியோட்டோ கணக்கு ரொம்ப ரொம்ப சின்னதா தரும். 1957-ல ராம்சே குழு வச்ச வரம்பை விட, 2020-ல சுவிட்சர்லாந்துல வச்ச வரம்பு லட்சக்கணக்கான மடங்கு கீழ. ஒதுக்கம் இன்னும் தென்படல.

கடைசி அடி 2001-ல. அமெரிக்காவுல பாபர், ஜப்பான்ல பெல்லே, ரெண்டு சோதனைகளும் பி-மெசான்ல சிபி உடைவைக் கண்டுபிடிச்சாங்க. இங்க ஆயிரத்துக்கு 2 இல்ல, பெரிய உடைவு. கியோட்டோ கணக்கு சொன்ன அளவோட ஒத்துப் போச்சு. 2008-ல நோபல் பரிசு. மஸ்கவாவுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஸ்டாக்ஹோம்ல உரையை ஜப்பானிய மொழியிலயே கொடுத்தார்.

ஒரு வேடிக்கை சொல்லவா? அந்த வருஷப் பரிசுல பாதி இவங்க ரெண்டு பேருக்கு. மீதி பாதி யொய்ச்சிரோ நம்புவுக்கு, எதுக்குன்னா துகள் இயற்பியல்ல சமச்சீர் தானாக உடையறதைக் கண்டுபிடிச்சதுக்கு! லீ தன் வீட்டைக் கட்டின அஸ்திவாரமே அதுதான்.

ஆனா கணக்கு உதைக்குதே

ஜெயிச்சவங்களுக்கு மாலை போட்டாச்சு. இப்ப சகாரோவ் கிட்ட திரும்பிப் போவோம். 1000 கோடிக்கு 6-ன்னு ஒரு மிச்சக் கணக்கு இருந்துச்சே, அது கியோட்டோ கோணத்தால வருமா?

வராது. பக்கத்துல கூட வராது. குவார்க் நிறைகளோட சின்ன வித்தியாசம் எல்லாம் பெருக்கப்பட்டு அந்த உடைவு பிஞ்சு போயிடுது. பல கோடி மடங்கு பத்தல. 2025-ல எல்ஹெச்சிபி சோதனையில, புரோட்டானோட இனமான பேரியான்கள்லயும் முதல் தடவையா சிபி உடைவைப் பார்த்துட்டாங்க. நல்ல சேதிதான். அதாலயும் இந்தக் கடன் அடையல.

இன்னொரு கஷ்டம் மூணாவது நிபந்தனை. ஆரம்ப காலப் பிரபஞ்சத்துல ஹிக்ஸ் புலம் முளைச்சப்போ, தண்ணி கொதிச்சு குமிழ் வர்ற மாதிரி தடாலடியா நடந்திருந்தா, குமிழோட விளிம்புல சமநிலை கெடும். அங்க பொருளை மிச்சம் பிடிச்சிருக்கலாம். 1985-ல குஸ்மின், ருபகோவ், ஷபோஷ்னிகோவ் காட்டின வழி இது. ஆனா ஒரே ஹிக்ஸ் இருந்து, அதோட நிறை 80 ஜிஇவிக்கு மேல போயிட்டா குமிழே வராது. வெண்ணெய் இளகுற மாதிரி சத்தமில்லாம நடந்து முடிஞ்சுடும். 2012 ஜூலை 4-ம் தேதி சேர்ன்ல அறிவிச்ச ஹிக்ஸோட நிறை என்ன? 125 ஜிஇவி. போச்சு.

ரெண்டாவது ஹிக்ஸ் இருந்தா? குமிழ் வர வைக்கலாம். கோணமும் கிடைக்கும். ஒரே மருந்துல ரெண்டு வியாதியும் போகும். தோத்துட்டதா ஓரம் கட்டின லீயோட சாமானை வச்சுகிட்டுதான் இன்னைக்கும் பல பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறாங்க. இதுல பெரும்பாலும் கோணத்தைக் கோடுலயே எழுதிடறாங்க, லீ மாதிரி தானா வரவிடறது இல்ல. இருந்தாலும் அந்த ரெண்டாவது முள் அவரோடது.

எங்க தேடறது? ரெண்டு ஹிக்ஸ் இரட்டைன்னா மொத்தம் 8 புலம். 3-ஐ டபிள்யூ, இசட் துகள்கள் விழுங்கிடும். மிச்சம் 5 ஹிக்ஸ் துகள், அதுல 2 மின்னூட்டம் உள்ளது, 3 நடுநிலை. இதுவரைக்கும் கிடைச்சது ஒண்ணுதான். கிடைச்ச ஒண்ணாவது கலப்படமான்னு ஏட்லஸ், சிஎம்எஸ் ரெண்டு சோதனைகளும் பார்த்தாங்க. டாப் குவார்க்கோட அது பழகறதை வச்சு, முழுக்க முழுக்க சிபி தலைகீழான துகளா இருக்க வாய்ப்பு மிகக் குறைவுன்னு 2020-ல சொன்னாங்க. கொஞ்சம் கலப்படம் இருக்கலாமா? இருக்கலாம்.

இன்னொரு பக்கம் எலெக்ட்ரான். நியூட்ரானுக்குப் பார்த்த அதே ஒதுக்கத்தை எலெக்ட்ரான்ல தேடறது. கூடுதல் ஹிக்ஸ் இருந்தா இது எப்படி வரும்னு 1990-ல பார், சீன்னு ரெண்டு பேர் கணக்குப் போட்டுக் கொடுத்தாங்க. 2023-ல அமெரிக்காவோட கொலராடோவுல ஹாஃப்னியம் ஃப்ளோரைடு அயனிகளை மின்புலத்துல பிடிச்சு வச்சுப் பார்த்த வரம்பு, சென்டிமீட்டர் கணக்குல தசமப் புள்ளிக்கு அப்புறம் 29 சுழியம் போட்டு 41. புரியற மாதிரி சொன்னா, ஒரு அணுவை பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்துக்கு ஊதிப் பெருசாக்கினாலும், இந்த ஒதுக்கம் ஒரு சாதாரண அணு அளவைத் தாண்டாது. அவ்வளவு நுணுக்கமா பார்த்தும் ஒண்ணும் தெரியல. ஒரு மேசை மேல செய்யற அளவு சோதனை, 27 கிலோமீட்டர் வளையம் தேடற அதே துகளைத் தேடுது. சில மாடல்களை அதை முந்திகிட்டு அடிச்சும் போடுது.

அப்ப லீ தோத்துட்டாரா?

நான் முதல்ல இதைப் படிச்சப்போ ஒரு தப்புப் பண்ணேன். லீ ஒரு கட்சி, கொபயாஷி-மஸ்கவா எதிர்க்கட்சின்னு நினைச்சுகிட்டேன். யோசிச்சுப் பார்த்தா அப்படி இல்ல.

குவார்க்குக்கு நிறை வர்றதே ஹிக்ஸால. லீ சொன்ன மாதிரி ரெண்டு ஹிக்ஸுக்கு நடுவுல கோணம் இருந்து, ரெண்டும் ஒரே குவார்க்குக்கு நிறை கொடுத்தா, அந்தக் கோணம் நிறைக்குள்ள புகுந்து, அங்கேருந்து குவார்க் கலவைக்குள்ள புகுந்து, கொபயாஷி-மஸ்கவா கோணமாவே வெளிய வரும். பி-மெசான்ல அளந்தது அந்த வெளிப்பக்கத்தைத்தான். பக் எங்க தெரியுதுன்னு அவங்க சரியா சொல்லிட்டாங்க. அது எங்கேருந்து வந்துச்சுங்கறது லீயோட கேள்வி. லாக் ஃபைல்ல எர்ரர் வந்த வரியும் எர்ரருக்குக் காரணமான வரியும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லையே!

இதை 2020-ல உல்ரிச் நியர்ஸ்டே, முஸ்தஃபா தாபெத், ராபர்ட் சீக்லர்னு மூணு பேர் எடுத்துகிட்டு ஒழுங்கா கணக்குப் போட்டாங்க. சிபி விதியில பத்திரமா இருந்து, ரெண்டு ஹிக்ஸால தானா மட்டும் உடையுதுன்னு வச்சுகிட்டா, கூடுதல் ஹிக்ஸ் துகள்களால எட்டாத உயரத்துல போய் ஒளிஞ்சுக்க முடியாது. மின்னூட்டம் உள்ள ஹிக்ஸோட நிறை 435 ஜிஇவிக்குள்ள இருந்தாகணும். மிச்ச நடுநிலை ரெண்டும் 485, 545-க்குள்ள. எல்ஹெச்சி மோதல் ஆற்றல் 13,600 ஜிஇவி. அதாவது கைக்கு எட்டுற தூரம். ஆனா வேற மோதல் குப்பைகளுக்கு நடுவுல பிரிச்சு எடுக்கறது கஷ்டம், அவ்வளவுதான்.

இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா படுது. நிறைய கோட்பாடுகள் "இந்த மெஷின்ல கிடைக்கலியா, அடுத்த மெஷின்ல கிடைக்கும்"னு தள்ளிகிட்டே போகும். லீயோட 1973 யோசனைக்கு அந்த ஓட்டை கிடையாது. அந்த எல்லைக்குள்ள முழுசாத் தேடி இல்லைன்னு ஆயிட்டா, ரெண்டு ஹிக்ஸ் வடிவத்துல அது நிஜமாவே தோத்துடும். அதுவரைக்கும் தோத்ததா சொல்றது அவசரம். சுவர் பிரச்சினை இருக்கே, எலெக்ட்ரான் வரம்பு நெருக்குதேன்னு கேட்டீங்கன்னா, ஆமா, ரெண்டுமே நெருக்கடிதான். அதை மறைக்கறதுல அர்த்தமில்ல. நெருக்கடி வேற, தீர்ப்பு வேற.

நம்பு 2015-ல காலமானார். மஸ்கவா 2021-ல. லீ 2024 ஆகஸ்ட் 4-ம் தேதி, 97 வயசுல. கண்ணாடி உடைஞ்சிருக்குன்னு 29 வயசுல சந்தேகப்பட்டு எழுதினவர், அது விதி அளவுல உடையலைங்கறதுக்கு வழி காட்டிட்டு, விடை தெரியாமலேயே போய்ட்டார். அவர் கேட்ட கேள்வி மட்டும் ஜெனீவா பக்கத்துல பூமிக்கடியில இன்னும் சுத்திகிட்டு இருக்கு.

அடுத்த தடவை மூணு நாளா பிடிபடாத பக்கோட மல்லுக்கட்டும்போது இதை நினைச்சுக்கோங்க. ஒரு பக் கோடுலயா கான்ஃபிக்லயான்னு இயற்பியல்காரங்க 1973-லேருந்து தேடிகிட்டு இருக்காங்க. நம்ம மேனேஜர் கொடுக்கிற டெட்லைன் அவங்களுக்கு இல்ல, அதான் வித்தியாசம் :-)

டிஸ்கி: கடிகார முள், தண்ணி பாட்டில் எல்லாம் புரியறதுக்காக. நிஜக் கணக்குல இரட்டை, சிக்கலெண், அணின்னு நிறைய வரும். எங்கயாவது தப்பா சொல்லியிருந்தா இயற்பியல் படிச்சவங்க பின்னூட்டத்துல தயங்காம திருத்துங்க.